விரலுக்கா, லாக்கருக்கா: நிச்சயதார்த்த மோதிரம் வாங்குதல்

தி. நகர் நகைக்கடையில் மோதிரக் கவுன்டர் முன்னால் போய் உட்கார்ந்ததும், "எத்தனை கிராம்ல பார்க்கறீங்க?" என்றுதான் கேட்பார்கள். கேள்வியில் தப்பில்லை. நாம் காலம் காலமாக நகை வாங்குவதே அப்படித்தான். பவுன் கணக்கு, எடைக் கணக்கு, நாளைக்கு ஒரு கஷ்டம் வந்தால் அடகு வைக்க உதவுமா என்ற கணக்கு. சங்கிலிக்கும் வளையலுக்கும் இந்தக் கணக்கு சரியாக வரும். நிச்சயதார்த்த மோதிரத்துக்கு வராது. கல் வைத்த மோதிரத்துக்கு நீங்கள் கொடுக்கும் பணத்தில் பல சமயம் பாதிகூடத் தங்கத்துக்குப் போவதில்லை. பின்னால் ஒரு பில்லையே பிரித்துக் காட்டியிருக்கிறேன்.

அதனால் இந்த அத்தியாயத்தில் நான் வற்புறுத்துவது ஒன்றுதான். சேமிப்புக்கான பணத்தைத் தனியாக எடுத்து நாணயமோ சங்கிலியோ வாங்குங்கள். மோதிரத்துக்கான பணத்தை, அதைத் தினமும் போட்டுக்கொள்ளப் போகிறவரின் கையை நினைத்துச் செலவு செய்யுங்கள். இரண்டையும் ஒரே மோதிரத்தில் அடைக்கப் பார்த்தால், நிச்சயதார்த்தத்தன்று ஒருமுறை போட்டுக் கழற்றி லாக்கரில் வைக்கும் கனமான மோதிரம்தான் கிடைக்கும். அப்படிப்பட்ட மோதிரங்கள் மயிலாப்பூர், அடையாறு வங்கி லாக்கர்களில் ஏராளமாகத் தூங்குகின்றன.

எவ்வளவு ஒதுக்கலாம் என்ற பேச்சு வந்தால், "ரெண்டு மாசச் சம்பளம்" என்று எங்கோ படித்ததைச் சொல்கிறவர்கள் இப்போது நிறைய. அது எந்த ஊர்ச் சம்பிரதாயமும் இல்லை. வைரச் சுரங்க நிறுவனமான டி பியர்ஸ் 1980களில் விளம்பரம் வழியாகப் பரப்பிய கணக்கு. நம் வீடுகளின் நிச்சயதாம்பூலத்தில் மோதிரத்துக்கு இடமே இருந்ததில்லை. தட்டு மாற்றுவார்கள், லக்னப் பத்திரிகை வாசிப்பார்கள், பெண்ணுக்குப் புடவை கொடுத்து உடுத்திவரச் சொல்லிப் பூ வைப்பார்கள். கிறிஸ்தவக் குடும்பங்களில் வெகுகாலமாக இருந்த மோதிர வழக்கம் மற்ற வீடுகளுக்குப் பின்னால்தான் வந்தது. எனவே எந்தப் பெரியவரும் 'இப்படித்தான் இருக்கணும்' என்று அடித்துச் சொல்லக்கூடிய பழைய விதி எதுவும் இதில் கிடையாது. அந்தச் சுதந்திரத்தைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

ஆனால் ஒரு சங்கடம் உண்டு. பெண்ணுக்கான மோதிரத்தை மாப்பிள்ளை வீடும், மாப்பிள்ளைக்கானதைப் பெண் வீடும் வாங்குவது வழக்கமாகிவிட்டதால், இரண்டையும் பக்கத்தில் வைத்து உறவினர்கள் எடைபோடுவார்கள். கடைக்குப் போவதற்கு முன்பே இரு வீட்டாரும் பேசி, 'இந்தத் தொகைக்குள்' என்று முடிவு செய்துகொள்வது நல்லது. தொகை ஒத்துப்போனால் போதும், கிராம் ஒத்துப்போக வேண்டியதில்லை.

முதலில் கையைப் பாருங்கள்

டிசைன் ஆல்பத்தைத் திறப்பதற்கு முன், மோதிரம் போடப்போகிறவர் ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமையை எப்படிக் கழிக்கிறார் என்று யோசியுங்கள். மருத்துவமனையில் வேலை பார்ப்பவர் நாளெல்லாம் கையுறை மாட்டிக் கழற்றுவார். உயர்ந்து நிற்கும் கல் கையுறையைக் கிழித்துவிடும். ஸ்கூட்டரில் வேளச்சேரிக்கும் ராயப்பேட்டைக்கும் அலைகிறவருக்கு அகலமான பட்டை மோதிரம் ஆக்ஸிலரேட்டரைத் திருகும்போது விரலை அழுத்தும். வீட்டில் சப்பாத்தி மாவு பிசைகிறவர் என்றால், கொக்கி வைத்துக் கட்டிய கல்லுக்கு அடியில் மாவு போய் உட்கார்ந்துகொள்ளும். மிருதங்கமோ கடமோ வாசிப்பவர் மோதிரத்தைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் வாசிக்க உட்காருவார். அவருக்கு எளிதாகக் கழலும் மெல்லிய வளையமும், கழற்றினால் கோத்துக்கொள்ள ஒரு சங்கிலியும் நல்ல யோசனை.

எந்தக் கை என்பதையும் இப்போதே பேசி முடித்துவிடுங்கள். நாம் வலது கையால் சாப்பிடுகிறவர்கள். வலது மோதிர விரலில் உயர்ந்த கல் இருந்தால் சாம்பார் சாதமும் நெய்யும் தினமும் அதன் அடியில் சேரும். வைரத்தின் மேல் எண்ணெய்ப் பசை சுலபமாக ஒட்டும் என்பதால் ஒரே மாதத்தில் பளபளப்பு மங்கிவிடும். இடது கைதான் வசதி. சில வீடுகளில் பெரியவர்கள், "மங்கலக் காரியத்துக்கு இடது கையா?" என்று தயங்குவார்கள். சடங்கன்று வலது கையில் போட்டு, பிறகு இடதுக்கு மாற்றிக்கொள்ளும் ஜோடிகள் நிறைய. அப்படிச் செய்வதாக இருந்தால் இரண்டு கைகளையும் அளந்தாக வேண்டும். பெரும்பாலோருக்குப் புழங்கும் கையின் விரல் சற்றுப் பருத்திருக்கும்.

அளவெடுப்பது பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் தவறுகள் அதிகம் நடப்பது இங்கேதான். இந்திய மோதிர எண் புரியாத மர்மம் இல்லை. மோதிரத்தின் உள்சுற்றளவை மில்லிமீட்டரில் எடுத்து 40ஐக் கழித்தால் கிட்டத்தட்ட எண் வந்துவிடும். 52 மி.மீ. சுற்றளவு என்றால் 12ஆம் எண். 54 என்றால் 14. வீட்டில் அளந்தால் நூல் வேண்டாம், நூல் இழுபடும். மெல்லிய காகிதப் பட்டையைச் சுற்றிக் கோடு போட்டு அளந்து பாருங்கள். விரல் மூட்டு பருத்தவர்களுக்கு அடிவிரல் அளவு மட்டும் போதாது. மூட்டைத் தாண்டும்போது லேசான தடை இருக்க வேண்டும், தாண்டியபின் சுழலக் கூடாது.

கடையில் வளையக் கொத்தை எடுத்து விரலில் ஒவ்வொன்றாக மாட்டிப் பார்ப்பார்கள். நம் ஊரில் கவனிக்க வேண்டியது ஏசி. மே மாதம் மதியம் உஸ்மான் ரோட்டில் நடந்து வந்த கையில் விரல்கள் வீங்கியிருக்கும். அதே கை, குளிரூட்டிய ஷோரூமில் அரை மணி நேரம் உட்கார்ந்தபின் ஒரு எண் இறங்கிவிடக்கூடும். உள்ளே வந்ததும் ஒருமுறை, கிளம்பும் முன் ஒருமுறை அளக்கச் சொல்லுங்கள். இரண்டுக்கும் நடுவில் எடுங்கள். அகலமான பட்டை மோதிரம் என்றால் அரை எண்ணோ ஒரு எண்ணோ கூட்டித்தான் எடுக்க வேண்டும், ஏனென்றால் அது விரலில் அதிக இடத்தைப் பிடிக்கிறது.

தெரியாமல் வாங்கி ஆச்சரியப்படுத்த வேண்டும் என்றால், அதே விரலில் அவர் போடும் மோதிரம் ஒன்றை அவருடைய தங்கையிடமோ அம்மாவிடமோ சொல்லி ஒருநாள் வாங்கிக் கடைக்கு எடுத்துப்போவதுதான் நம்பகமான வழி. வேறு விரல் மோதிரம் உதவாது. பல கடைகளில் ஒருமுறை அளவு மாற்றித் தருவார்கள். அதை வாங்கும்போதே கேட்டு பில்லில் எழுதி வாங்குங்கள். சுற்றிலும் கல் பதித்த வளையத்தை மட்டும் பின்னால் பெரிதாக்கவோ சிறிதாக்கவோ முடியாது. ரகசியமாக வாங்குகிறவர்கள் அந்த மாடலைத் தொடாதீர்கள். என் அபிப்பிராயத்தைக் கேட்டால், கேட்கும் தருணத்தை ரகசியமாக வைத்துக்கொள்ளுங்கள், மோதிரத்தை இருவருமாகச் சேர்ந்து தேர்ந்தெடுங்கள். முப்பது நாற்பது வருடம் போடப்போகிறவருக்குத் தேர்வில் பங்கு இருப்பதுதான் மரியாதை.

22, 18, 14

22 கேரட் என்றால் 916, 18 என்றால் 750, 14 என்றால் 585. ஆயிரம் பங்கில் தங்கம் எத்தனை பங்கு என்பதே இந்த எண்கள். கல் இல்லாத மோதிரத்துக்கு 22 அருமையான தேர்வு. அந்த மஞ்சளுக்கு ஈடில்லை. நெளி மோதிரம் என்று நம் பாட்டிமார் போட்டிருந்த, விரலோடு வளைந்து இறங்கும் மோதிரத்தை 22இல் செய்து போட்டுக்கொள்ளும் பெண்கள் இப்போதும் இருக்கிறார்கள். நிச்சயதார்த்தத்துக்கு அதைவிட நம் மண்ணுக்குரிய வடிவம் எனக்குத் தெரியாது. ஆனால் 22 மென்மையான தங்கம். மெல்லிய கொக்கிகளால் கல்லைத் தூக்கிப் பிடிக்கும் மோதிரத்தில் அந்தக் கொக்கிகள் மெல்ல மெல்லத் தளர்ந்துவிடும். வைர மோதிரங்களை 18இலும் 14இலும் செய்வது இதனால்தான். கடைக்காரர் ஏமாற்றுகிறார் என்று நினைக்க வேண்டாம்.

14 கேரட் என்றதும் வீட்டில் தாத்தா முகம் சுளித்தால் அதற்கும் காரணம் உண்டு. 1963 ஜனவரியில், மொரார்ஜி தேசாய் நிதியமைச்சராக இருந்தபோது வந்த தங்கக் கட்டுப்பாட்டு விதி, 14 கேரட்டுக்கு மேல் புது நகை செய்யக் கூடாது என்றது. நாடு முழுவதும் பத்தர் குடும்பங்கள் பிழைப்பை இழந்தன. 1966இல் அந்த வரம்பு விலகியது, தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டமே 1990இல்தான் ஒழிந்தது. அந்தக் காலத்தைப் பார்த்தவர்களுக்கு 14 என்பது சட்டம் திணித்த மட்டத் தங்கம். இன்று உறுதிக்காக நாமே தேர்ந்தெடுக்கிறோம் என்பதை அவர்களுக்குப் பொறுமையாக எடுத்துச் சொல்லுங்கள்.

வெள்ளைத் தங்கத்தின் வெண்மை மேலே பூசிய ரோடியத்தால் வருவது. தினமும் போட்டால் பூச்சு தேயும், உள்ளே இருக்கும் மங்கல் நிறம் தெரியும், திரும்பப் பூச வேண்டும். பிளாட்டினத்தின் வெண்மை தன் சொந்த நிறம். 950 என்ற முத்திரை பார்த்து வாங்குங்கள். அதைச் சூடாக்கி வேலை செய்யத் தனிக் கருவிகள் வேண்டும், தெருமுனைப் பத்தர் அளவு மாற்றித் தர முடியாது.

கல்

வைரத்தைச் சென்னையில் சென்ட் கணக்கில் பேசுவார்கள். 100 சென்ட் ஒரு கேரட், ஒரு கேரட் 0.2 கிராம். தங்கத்தின் கேரட் வேறு, வைரத்தின் கேரட் வேறு என்பதைக் கூட வருகிறவர்களுக்கும் சொல்லிவையுங்கள். கவுன்டரில் குழப்பம் அங்கேதான் தொடங்கும். 30 சென்ட்டில் ஒரே கல் வைத்த மோதிரமும், ஐந்து ஐந்து சென்ட்டாக ஆறு கல் வைத்த மோதிரமும் மொத்த எடையில் ஒன்றுதான், விலையில் ஒன்றல்ல. கல் பெரிதாகப் பெரிதாக ஒரு சென்ட்டின் விலையும் ஏறும். 'மொத்தம் 30 சென்ட்' என்று மட்டும் சொன்னால், எத்தனை கல், ஒவ்வொன்றும் எவ்வளவு என்று கேளுங்கள். நிறம், தெளிவு, எடை, பட்டை தீட்டிய விதம் ஆகிய நான்கில் பணம் குறைவாக இருந்தால் நிறத்திலும் தெளிவிலும் ஒரு படி இறங்குங்கள். பட்டையில் இறங்காதீர்கள். கல் மின்னுவது அதனால்தான். ஜிஐஏ, ஐஜிஐ போன்ற ஆய்வகச் சான்றிதழ் இருந்தால், அதிலுள்ள எண் கல்லின் விளிம்பிலும் லேசரால் பொறித்திருக்கிறதா என்று லென்ஸில் காட்டச் சொல்லுங்கள்.

ஆய்வகத்தில் வளர்த்த வைரம் பற்றி இப்போது எல்லா வீட்டிலும் சண்டை நடக்கிறது. அதுவும் கார்பன்தான், வைரம்தான். வெறும் கண்ணால் யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது, கருவி வேண்டும். விலை இயற்கை வைரத்தைவிட மிகக் குறைவு, இன்னும் இறங்கிவருகிறது, மறுவிற்பனை மதிப்பு சொற்பம். நம் அடையாற்றுக்குப் பக்கத்திலேயே, ஐஐடி மெட்ராஸில் இதன் ஆராய்ச்சிக்கென்று ஒரு மையம் அமைக்க மத்திய அரசு 2023இல் ஐந்து ஆண்டுகளுக்கு 242 கோடி ரூபாய் ஒதுக்கியது. இந்தத் தொழில் வந்துபோகும் மோஸ்தர் இல்லை என்று அதிலிருந்தே தெரியும். மோதிரம் சேமிப்பு இல்லை என்று ஒருமுறை ஒப்புக்கொண்டால் ஆய்வக வைரத்தை வாங்குவதில் எந்தக் குறையும் எனக்குத் தெரியவில்லை. ஆனால் பில்லிலும் சான்றிதழிலும் அப்படியே எழுதியிருக்க வேண்டும். அவருக்கும் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும்.

மயிலாப்பூர்க் குடும்பங்களில் இதைவிடச் சிறந்த வைரம் பீரோவிலேயே இருக்கலாம். பாட்டியின் ப்ளூ ஜாகர் தோடு, பேசரி, யாரும் போடாத வைர மூக்குத்தி. அதிலிருந்து ஒரு கல்லை எடுத்து மோதிரத்தில் வைப்பது அழகான காரியம், செலவும் குறையும். தோட்டில் கை வைக்கும் முன் யோசியுங்கள். இரண்டு தோட்டிலும் கற்கள் ஒன்றுக்கொன்று பொருத்தம் பார்த்துச் சேர்த்தவை. ஒரு கல்லை எடுத்தால் ஜோடி கெட்டுவிடும். ஒற்றையாக இருக்கும் மூக்குத்திக் கல்தான் தோது. பின்பக்கம் மூடிக் கட்டிய பழைய நகையில் கல்லின் உண்மையான நிறமும் குறையும் தெரியாது. பிரித்தபின் விளிம்பில் ஒரு சில்லு பெயர்ந்திருப்பது தெரிந்து மனசு சங்கடப்படுவது நடக்கும், அதற்குத் தயாராகப் போங்கள். கல்லை உங்கள் கண் முன்னாலேயே பிரிக்கச் சொல்லி, எடை, விட்டம் இரண்டையும் எழுதி வாங்கி, லென்ஸ் வழியாக ஒரு போட்டோ எடுத்துக்கொண்ட பிறகே கொடுத்துவிட்டு வாருங்கள். நெருக்கமான பத்தராக இருந்தாலும் இதைச் செய்யுங்கள். நாணயமான பத்தர் கோபித்துக்கொள்ள மாட்டார், அவரே முதலில் எழுதித் தருவார்.

வண்ணக் கல் ஆசை இருந்தால், தினமும் போடும் மோதிரத்துக்கு மாணிக்கமும் நீலமும் தாங்கும். கடினத்தில் வைரத்துக்கு அடுத்தவை. இலங்கையின் ரத்தினபுரிக் கற்கள் பெயர் பெற்றவை. மரகதம் சட்டென்று விரிசல் விடும். முத்தும் பவழமும் மிக மென்மை. நவரத்தின மோதிரத்தைத் தினமும் போட்டால் ஒன்பதில் இந்த இரண்டும்தான் முதலில் மங்கித் தேயும்.

ஜாதகம் பார்க்கும் வீடாக இருந்தால் கல் விஷயத்தைப் பணம் கட்டுவதற்கு முன்பே ஜோசியரிடம் கேட்டுவிடுங்கள். நீலமும் வைரமும் எல்லோருக்கும் ஒத்துக்கொள்ளாது என்ற நம்பிக்கை இங்கே பலமாக இருக்கிறது. சில வீடுகளில் கல்லைச் சில நாள் வீட்டில் வைத்துப் பார்த்துவிட்டு முடிவெடுப்பார்கள். உங்களுக்கு நம்பிக்கை இல்லாவிட்டாலும் பரவாயில்லை. மோதிரம் போட்ட மறுவாரம் யாருக்காவது காய்ச்சல் வந்தால் பழி அந்தக் கல்மேல் விழும், அந்த மனக்குறை வருடக்கணக்கில் நிற்கும்.

பில்லைப் பிரித்துப் பார்த்தல்

கணக்குக்கு வசதியாக 22 கேரட் கிராம் 10,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 18 கேரட் அதில் 22க்கு 18 பங்கு, அதாவது சுமார் 8,182. மோதிரத்தின் மொத்த எடை 3.560 கிராம், அதில் 30 சென்ட் வைரத்தின் எடை 0.060. தங்கம் மட்டும் 3.500 கிராம், அதன் விலை 28,637. சேதாரம் 12 சதவீதம் என்றால் 3,436. வைரம் கேரட் 80,000 கணக்கில் 24,000. கூட்டினால் 56,073. ஜிஎஸ்டி 3 சதவீதம் 1,682. ஹால்மார்க் கட்டணம் நகைக்கு 45 ரூபாயும் அதன் வரியும். மொத்தம் 57,800 சொச்சம். இதில் தங்கம் பாதிக்கும் குறைவு. நாளைக்கே திருப்பிக் கொண்டுபோனால் சேதாரம், வரி எதுவும் வராது. வைரத்துக்கு எவ்வளவு என்பது அந்தந்தக் கடையின் பைபேக் விதியைப் பொறுத்தது. அந்த விதியை வாங்கும் நாளிலேயே எழுத்தில் கேளுங்கள்.

இந்த உதாரணத்தில் கல் எடை அற்பம். கெம்பு வைத்து உள்ளே அரக்கு அடைத்த டெம்பிள் டிசைன் மோதிரத்தில் அது கணிசமாக இருக்கும். மொத்த எடைக்குத் தங்க விலை போட்டுவிட்டால் அரக்கைத் தங்க விலையில் வாங்குகிறீர்கள். பில்லில் மொத்த எடை, கல் எடை, நிகர எடை மூன்றும் தனித்தனியாக இருக்கிறதா என்று விரலை வைத்துப் படித்துப் பாருங்கள்.

மாதச் சீட்டு கட்டியிருந்தால், சேதாரத் தள்ளுபடி எந்த நகைக்கு என்று முதலில் விசாரியுங்கள். பல சீட்டுகளில் அது 22 கேரட் தங்க நகைக்கு மட்டும்தான். வைர மோதிரத்துக்கு வராது.

ஹால்மார்க்கை எல்லோரும் கேட்கிறார்கள், கொஞ்சம் பேர்தான் பார்க்கிறார்கள். மோதிரத்தின் உள்பக்கம் மூன்று அடையாளங்கள் இருக்க வேண்டும்: பிஐஎஸ் முக்கோணம், 22K916 அல்லது 18K750 போன்ற தூய்மை எண், எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க ஹெச்யுஐடி. 2023 ஏப்ரல் 1 முதல் இந்த ஆறு இலக்கம் இல்லாமல் கடையில் விற்கக் கூடாது. லென்ஸ் கேட்டு வாங்கி, ஆறு இலக்கத்தைப் படித்து, போனில் பிஐஎஸ் கேர் செயலியில் போட்டுப் பாருங்கள். முத்திரையிட்ட மையம், தேதி, தூய்மை, நகையின் வகை எல்லாம் வரும். வகையில் மோதிரம் என்று இருக்கிறதா, தூய்மை பில்லோடு ஒத்துப்போகிறதா பாருங்கள். இரண்டு கிராமுக்குக் குறைந்த நகைக்கு ஹால்மார்க் கட்டாயமில்லை என்பதால், மிக மெல்லிய மோதிரத்தில் முத்திரை இல்லாமலும் இருக்கலாம். சந்தேகம் வந்தால் அங்கீகாரம் பெற்ற ஹால்மார்க் மையத்தில் 200 ரூபாய் கட்டி நீங்களே சோதிக்கலாம். சொன்ன தூய்மையைவிடக் குறைந்திருந்தால், குறைந்த அளவின் மதிப்பைப்போல் இரு மடங்கும் சோதனைக் கட்டணமும் இழப்பீடாகக் கிடைக்க விதி இருக்கிறது. பிஐஎஸ் தென்மண்டல அலுவலகம் தரமணி சிஐடி வளாகத்தில்தான் இருக்கிறது. உள்ளே பெயரோ தேதியோ பொறிக்கச் சொன்னாலும், அளவு மாற்றக் கொடுத்தாலும், இந்த முத்திரை அழியாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

எங்கே, எப்போது

நிறைய மாடல் பார்க்க வேண்டும், விலை ஒப்பிட வேண்டும் என்றால் தி. நகர்தான். பனகல் பூங்காவைச் சுற்றி நடக்கும் தூரத்திலேயே நான்கைந்து பெரிய கடைகள். வார நாளில் கடை திறக்கும் நேரத்துக்குப் போங்கள். ரயிலில் வந்தால் மாம்பலம் ஸ்டேஷனிலிருந்து 2023இல் திறந்த ஆகாய நடைபாதை ரங்கநாதன் தெரு நெரிசலைத் தாண்டிப் பஸ் நிலையம் வரை கொண்டுவந்து விடும். முதல் நாள் வாங்குவதில்லை என்று தீர்மானித்துக்கொண்டு, மூன்று மோதிரங்களின் போட்டோவும் எஸ்டிமேட்டும் வாங்கி வந்துவிடுங்கள். வீட்டில் சாவகாசமாகப் பார்க்கும்போது சேதார சதவீதம் கண்ணில் படும்.

சொந்தமாக வரைந்து செய்ய வேண்டும், பழைய கல்லை வைத்துக் கட்ட வேண்டும் என்றால் மயிலாப்பூர் மாட வீதிப் பக்கம் இருக்கும் சிறிய கடைகள் வசதி. பரதநாட்டிய நகை செய்யும் கைகள் அங்கே இருக்கின்றன. கெம்பு, முத்து வேலையில் அவர்களுக்குப் பழக்கம் அதிகம். அடையாற்றில் பெரிய கடைகளின் கிளைகளும் வைரத்துக்கான சிறு ஷோரூம்களும். கூட்டம் குறைவு, மாடலும் குறைவு.

பேரம் பேசக் கூச்சப்பட வேண்டாம். இந்த ஊர் வைர வியாபாரமே பேரத்தில் வளர்ந்தது. புனித ஜார்ஜ் கோட்டையின் கவர்னர் தாமஸ் பிட்டிடம் 1701இல் ஜம்சந்த் என்ற வியாபாரி 410 கேரட் பட்டை தீட்டாத வைரத்தைக் கொண்டுவந்து 2,00,000 பகோடா (அக்காலத் தங்க நாணயம்) கேட்டார்; பல சந்திப்புகளுக்குப் பிறகு 48,000க்கு முடிந்தது என்று பிட்டே எழுதிவைத்திருக்கிறார். 1717இல் பிரான்சின் ரீஜன்ட் வாங்கிய அந்தக் கல் இன்று பாரிஸ் லூவ்ர் அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது. நம் கவுன்டரில் தங்க விலையில் பேரம் கிடையாது, அது அன்றைய பலகை விலை. சேதாரத்திலும் வைர விலையிலும்தான் இடம் உண்டு. "சேதாரம் 16 பர்சென்ட் வருது சார்" என்றால், "அண்ணா, 12ன்னா இப்பவே பில் போடுங்க" என்று சொல்லிவிட்டு அமைதியாக இருங்கள். மேனேஜரைக் கேட்டுவருகிறேன் என்று அவர் எழுந்து போனால் பாதி வேலை முடிந்தது.

ஆர்டர் கொடுத்துச் செய்வதாக இருந்தால் ஆறு வாரமாவது முன்னால் கொடுங்கள். ஆடியிலும் மார்கழியிலும் நிச்சயதார்த்தம் வைக்க மாட்டார்கள் என்பதால் அந்த மாதங்களில் பட்டறைக்கு ஓரளவு ஓய்வு. தை முகூர்த்தத்துக்கு மார்கழி தொடக்கத்திலேயே அளவு கொடுத்துவிட்டால் அவசரத்தில் செய்த வேலை உங்கள் தலையில் விழாது. அட்சய திருதியை அன்று மட்டும் மோதிரம் தேர்ந்தெடுக்கப் போகாதீர்கள். அன்றைக்கு நாணயம் வாங்கலாம், அளவெடுத்து லென்ஸில் பார்த்து வாங்கும் பொருளுக்கு அந்தக் கூட்டம் ஆகாது. ரொக்கமாக 2 லட்சமும் அதற்கு மேலும் கடைக்காரர் வாங்கக் கூடாது. அந்தத் தொகையைத் தொடும் மோதிரத்துக்குக் கார்டோ வங்கிப் பரிமாற்றமோ ஏற்பாடு செய்துகொள்ளுங்கள், பான் எண்ணும் கேட்பார்கள்.

வாங்கிய பிறகு

வைரம், மாணிக்கம், நீலம் வைத்த மோதிரத்துக்கு வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்த பூந்திக்கொட்டையும் பழைய மிருதுவான டூத் பிரஷும் போதும். பாட்டிமார் வைரத் தோட்டுக்குச் செய்துவந்த முறை. கல்லுக்கு அடியில் தேயுங்கள், அழுக்கு அங்கேதான் இருக்கும். வாஷ்பேசினில் கழுவாமல் கிண்ணத்தில் கழுவுங்கள். முத்து, பவழம், மரகதம் வைத்ததை ஊறவைக்கக் கூடாது, ஈரத் துணியால் துடைத்தால் போதும். அரக்கு அடைத்த கெம்பு நகைக்கும் வெந்நீர் ஆகாது. தலைக்கு எண்ணெய் தேய்க்கும்போதும் பெசன்ட் நகர் கடலில் கால் நனைக்கப் போகும்போதும் மோதிரம் வீட்டில் இருக்கட்டும். பட்டுப்புடவை ஜரிகையிலோ துண்டு நூலிலோ மோதிரம் மாட்டத் தொடங்கினால், ஒரு கொக்கி எழும்பிவிட்டது என்று அர்த்தம். அன்றே கழற்றிக் கடைக்குக் கொண்டுபோங்கள். எழும்பாவிட்டாலும் வருடத்துக்கு ஒருமுறை காட்டி இறுக்கி வாருங்கள், பெரும்பாலும் காசு கேட்க மாட்டார்கள். பில், கல்லின் சான்றிதழ், ஹெச்யுஐடி தெரியும்படி எடுத்த போட்டோ மூன்றும் இருவர் போனிலும் இருக்கட்டும். காணாமல் போனால் போலீஸுக்கும், வீட்டுக் காப்பீட்டில் நகையைச் சேர்த்திருந்தால் காப்பீட்டு நிறுவனத்துக்கும் அவைதான் வேண்டும்.